42 மில்லிகிராம் யூரோப்பியம் ஆக்சைடு: ஒரே பச்சை ஒளிர்தூள், ஐந்து செய்முறைகள்

இருட்டில் பச்சையாக ஒளிரும் ஸ்ட்ரான்சியம் அலுமினேட் தூள் 5 கிராம் செய்ய வேண்டும். படிகத்தில் ஸ்ட்ரான்சியம் உட்காரும் நூறு இடங்களில் ஒன்றில் யூரோப்பியமும் இரண்டில் டிஸ்ப்ரோசியமும் இருக்க வேண்டும். கணக்குப் போட்டால் ஸ்ட்ரான்சியம் கார்பனேட் 3.45 கிராம், அலுமினா 2.45 கிராம், டிஸ்ப்ரோசியம் ஆக்சைடு 90 மில்லிகிராம், யூரோப்பியம் ஆக்சைடு வெறும் 42 மில்லிகிராம். ஆறு கிராம் வெள்ளைத் தூளுக்குள் அந்த 42 மில்லிகிராம் ஓரிடம் விடாமல் பரவ வேண்டும். பரவினால் மட்டும் போதாது. மூன்று எலக்ட்ரான்களை இழந்த நிலையில் வரும் யூரோப்பியம், இரண்டை மட்டும் இழந்த நிலைக்கு ஒடுங்கவும் வேண்டும். இந்த இரண்டு வேலைகளையும் எந்தச் செய்முறை எப்படிச் செய்கிறது என்று ஒவ்வொன்றாகப் பார்க்கலாம்.

யூரோப்பியம், டிஸ்ப்ரோசியம் போன்ற அருமண் தனிமங்களைச் சேர்த்த ஒளிர்பொருள்கள் எத்தனையோ இருக்க, இதை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. மின்சாரம் போனதும் மாடிப்படியில் பச்சையாகத் தெரியும் வெளியேறும் வழிக் குறியீடுகளிலும், கைக்கடிகார முட்களிலும் இருப்பது பெரும்பாலும் இந்தப் பொருள்தான். யூரோப்பியம் சேர்த்த காரமண் (ஸ்ட்ரான்சியம் போன்ற உலோகங்களின்) அலுமினேட்டுகள் ஒளிர்வதைப் பலில்லாவும் உடன் பணியாற்றியவர்களும் 1968 இல் வெளியிட்டார்கள். அதோடு டிஸ்ப்ரோசியத்தையும் சேர்த்தால் விளக்கை அணைத்த பிறகும் மணிக்கணக்கில் ஒளிரும் என்பதை ஜப்பானின் நெமோட்டோ நிறுவனம் 1993 இல் கண்டுபிடித்தது. அதை விவரிக்கும் மட்சுசாவா குழுவின் கட்டுரை 1996 இல் வந்தது. அதுவரை இருட்டில் ஒளிரும் பூச்சு என்றால் செம்பு சேர்த்த துத்தநாக சல்ஃபைடுதான். அது சீக்கிரம் மங்கிவிடும். இரவு முழுக்க ஒளிர வேண்டுமென்றால் ரேடியம், புரோமேத்தியம் போன்ற கதிரியக்கப் பொருளைக் கலக்க வேண்டியிருந்தது. புதிய அலுமினேட்டின் பின்னொளிர்வு (விளக்கை அணைத்த பிறகும் தொடரும் ஒளி) பழைய சல்ஃபைடைவிடப் பத்து மடங்குக்கு மேல் இருந்தது, கதிரியக்கமே இல்லாமல்.

பொருள் கேட்பது என்ன?

செய்முறைகளை ஒப்பிடும் முன் பொருளின் தேவையைத் தெரிந்துகொள்ள வேண்டும். நான் படித்த பல ஒப்பீடுகள் இந்தப் படியைத் தாண்டிப் போய்விடுகின்றன. அங்கேதான் குழப்பமும் தொடங்குகிறது.

இரண்டு மின்னேற்றம் கொண்ட ஸ்ட்ரான்சியம் அயனியின் ஆரம் 1.18 ஆங்ஸ்ட்ராம். அதே மின்னேற்றம் கொண்ட யூரோப்பியத்தின் ஆரம் 1.17. அச்சு அசலாகப் பொருந்திவிடும். மூன்று மின்னேற்றம் கொண்ட யூரோப்பியமோ 0.95 தான்; அந்த இடத்துக்கு அது சின்னது, மின்னேற்றமும் ஒத்துவராது. ஒளியும் வேறு. ஒடுங்கிய யூரோப்பியம் 520 நானோமீட்டரை மையமாகக் கொண்டு அகலமான பச்சைப் பட்டையைத் தரும். ஒடுங்காதது 610 முதல் 620 நானோமீட்டர் பக்கம் மெல்லிய சிவப்புக் கோடுகளைத் தரும். எனவே உலையிலிருந்து எடுத்த தூளைப் புற ஊதா விளக்கின் கீழ் வைத்தாலே ஒடுக்கம் நடந்ததா என்று பாதி தெரிந்துவிடும்.

படிக அமைப்பும் முக்கியம். ஸ்ட்ரான்சியமும் அலுமினியமும் ஆக்சிஜனோடு சேர்ந்து ஒரே சேர்மத்தை மட்டும் தருவதில்லை. விகிதம் கொஞ்சம் விலகினால், மூன்று ஸ்ட்ரான்சியத்துக்கு இரண்டு அலுமினியம் கொண்ட சேர்மம் வந்துவிடும். அது நீரில் கரைந்து சிதையக்கூடியது. நான்குக்குப் பதினான்கு கொண்ட இன்னொன்று 490 நானோமீட்டரில் நீலப்பச்சையாக ஒளிரும். அதுவும் நல்ல பொருள்தான், ஆனால் நாம் கேட்டது அது இல்லை. நமக்கு வேண்டிய சேர்மத்திலும் ஏறக்குறைய 650 டிகிரி செல்சியஸுக்கு மேல் நிலைப்பது அறுகோண அமைப்பு, கீழே ஒற்றைச்சரிவு அமைப்பு. பச்சை ஒளிக்கு வேண்டியது இரண்டாவது.

அப்புறம் பொறிகள், அதாவது மின்னேற்றத்தைப் பிடித்துவைக்கும் இடங்கள். விளக்கு எரியும்போது யூரோப்பியத்திலிருந்து கிளம்பும் மின்னேற்றம் படிகத்தில் எங்கோ சிக்கிக்கொண்டு, அறை வெப்பத்தில் மெல்ல மெல்ல விடுபட்டுத் திரும்பி வருவதால்தான் இருட்டிலும் ஒளி. டிஸ்ப்ரோசியம் அந்தப் பொறிகளுக்குப் பொறுப்பு. எப்படி என்பதில் சண்டை இருந்தது. மட்சுசாவா குழு, டிஸ்ப்ரோசியம் துளைகளை (எலக்ட்ரான் விட்டுப்போன, நேர்மின்னேற்றம்போல் நகரும் காலியிடங்களை) பிடிக்கிறது என்றது. 2005 இல் டோரன்பாஸ் என்ற ஆய்வாளர் அதை மறுத்து, பிடிபடுவது எலக்ட்ரான்தான் என்றார். அதே ஆண்டில் கிளாபோ குழு ஆக்சிஜன் வெற்றிடங்களின் பங்கை முன்வைத்தது. நமக்கு இதில் வேண்டிய செய்தி ஒன்றுதான். பொறிகள் படிகக் குறைகளோடு பிணைந்தவை. உலையில் எந்த வாயு ஓடியது, எத்தனை மணி நேரம் சூடு கொடுத்தோம் என்பதெல்லாம் பின்னொளிர்வில் நேராகத் தெரியும்.

திண்ம நிலை வினை: அரைத்துச் சுடுவது

பழைய முறை. நான்கு தூள்களையும் அகேட் உரலில் போட்டு, கொஞ்சம் அசிட்டோனோ ஆல்கஹாலோ விட்டு அரைத்து, அலுமினா குகையில் (கடும் சூடு தாங்கும் கிண்ணத்தில்) வைத்து 1300 முதல் 1400 டிகிரியில் சில மணி நேரம் சுட வேண்டும். திண்மத்துக்குள் அயனிகள் நகர்வது மிக மெதுவாக நடக்கும். இரண்டு துகள்கள் தொடும் இடத்தில் வினை தொடங்கி, உருவான புதிய அடுக்கின் ஊடாகவே மிச்ச அயனிகள் நகர வேண்டும். அதனால்தான் அவ்வளவு சூடு. நடுவில் ஒருமுறை எடுத்து அரைத்து மீண்டும் சுடுவதும் அதற்காகத்தான்.

இங்கே போரிக் அமிலம் செய்யும் உதவி பெரியது. சில மோல் சதவீதம் சேர்த்தால் போதும். சூட்டில் நீரை இழந்து போரான் ஆக்சைடாகி, 450 டிகிரி வாக்கில் உருகி, துகள்களுக்கு நடுவே திரவமாகப் பரவி, அயனிகளுக்கு வழி போட்டுக் கொடுக்கிறது. பள்ளிப் பாடத்தில் இளக்கி என்று படித்தோமே, அதேதான். படிகத்துகள் பெரிதாக வளரவும் இது உதவும். ஆனால் அளவு கூடினால் தூள் கல்லாக இறுகிவிடும். இறுகியதை இடித்து அரைத்தால் துகளின் மேற்பரப்பு சிதைந்து ஒளி குறையும். சுட்ட பிறகு எவ்வளவு குறைவாக அரைக்க வேண்டியிருக்கிறதோ அவ்வளவு நல்லது.

எடை போடுவதில் உள்ள சிக்கலைக் கட்டுரைகள் சொல்வதே இல்லை. ஒரு மில்லிகிராம் வரைதான் காட்டும் தராசில் 42 மில்லிகிராமை நிறுத்தால், ஒரு மில்லிகிராம் பிசகிலேயே யூரோப்பியத்தின் அளவு 2 சதவீதத்துக்கு மேல் விலகிவிடும். இதைத் தவிர்க்க நல்ல வழி, யூரோப்பியம் ஆக்சைடை நீர்த்த நைட்ரிக் அமிலத்தில் கரைத்து 0.05 மோலார் கரைசலாக வைத்துக்கொண்டு, வேண்டிய 4.8 மில்லிலிட்டரைப் பிப்பெட்டில் எடுப்பது. அதைப் பிற தூள்கள் மேல் ஊற்றி உலர்த்தி அரைத்தால், திண்ம நிலை முறையிலும் பரவல் கணிசமாக மேம்படும். கரைசலில் தொடங்கும் ஈரமுறைகள் பெருமையாகச் சொல்லும் சீரான கலப்பில் ஒரு பங்கை இந்தச் சின்ன மாற்றமே தந்துவிடுகிறது.

ஒடுக்கத்துக்கு நைட்ரஜனில் 5 சதவீத ஹைட்ரஜன் கலந்த வாயுவைக் குழாய் உலையில் ஓட விடுவது வழக்கம். குழாய் உலை இல்லாத ஆய்வகத்தில் தூள் இருக்கும் சின்னக் குகையைப் பெரிய குகைக்குள் வைத்து, சுற்றிலும் கரித்தூளை நிரப்பி மூடிச் சுடுவார்கள். கரி குறைந்த காற்றில் எரிந்து கார்பன் மோனாக்சைடு தரும்; அது ஒடுக்கும். எளிமையானது, செலவும் குறைவு. ஆனால் ஒவ்வொரு தடவையும் வாயுவின் அளவு மாறும், ஆகவே இரண்டு மாதிரிகளை ஒப்பிட இது உதவாது. கார்பன் மோனாக்சைடு நச்சு என்பதால் காற்றோட்டமில்லாத அறையில் செய்யவே கூடாது.

எரிதல் முறை: ஐந்து நிமிடத் தீ

இந்த முறை பிறந்த இடம் பெங்களூரின் இந்திய அறிவியல் கழகம். கிங்ஸ்லியும் பாட்டீலும் 1988 இல், அலுமினியம் நைட்ரேட்டையும் யூரியாவையும் நீரில் கரைத்து 500 டிகிரியில் இருக்கும் உலைக்குள் வைத்தால் ஐந்து நிமிடத்துக்குள் நுண்ணிய அலுமினா கிடைத்துவிடும் என்று காட்டினார்கள். அதன் பிறகு உலகம் முழுக்க நூற்றுக்கணக்கான ஆக்சைடுகள் இப்படிச் செய்யப்பட்டிருக்கின்றன. நம் பல்கலைக்கழகங்களில் ஒளிர்பொருள் ஆய்வு இவ்வளவு பரவியதில் இந்த முறைக்குப் பெரிய பங்கு உண்டு என்றே நினைக்கிறேன். விலை உயர்ந்த கருவி எதுவும் வேண்டாம், பெட்டி வடிவ மஃபிள் உலை ஒன்று போதும்.

கணக்கு அழகானது. ஆக்சிஜனேற்றும் நைட்ரேட்டுக்கும் எரிபொருளான யூரியாவுக்கும் இணைதிறன் கூட்டல் போட வேண்டும். நைட்ரஜனுக்குப் பூஜ்யம் என்று கொண்டால், ஸ்ட்ரான்சியம் நைட்ரேட்டுக்குக் கழித்தல் 10, அலுமினியம் நைட்ரேட்டுக்குக் கழித்தல் 15, யூரியாவுக்குக் கூட்டல் 6. ஒரு பங்கு ஸ்ட்ரான்சியத்துக்கு இரண்டு பங்கு அலுமினியம். மொத்தம் கழித்தல் 40. அதைச் சமன் செய்ய 6.67 மோல் யூரியா. நம்முடைய 5 கிராம் தூளுக்கு ஸ்ட்ரான்சியம் நைட்ரேட் 4.94 கிராம், படிகநீரோடு கூடிய அலுமினியம் நைட்ரேட் 18 கிராம், யூரியா ஏறக்குறைய 9.7 கிராம். அருமண் நைட்ரேட்டுகளைக் கரைசலாகவே ஊற்றிவிடலாம். ஆக, கலப்பு அயனி அளவிலேயே நடந்துவிடுகிறது, உரல் வேண்டாம்.

கரைசல் கொதித்து, பாகுபோல் தடித்து, நுரைத்து எழும். திடீரென்று ஓரிடத்தில் தீப்பற்றி, வெண்சுடர் கிண்ணம் முழுக்க ஓடி அடங்கும். சமன்பாட்டின்படி 5 கிராம் தூள் உருவாகும்போது வெளியேறும் நைட்ரஜன், கார்பன் டையாக்சைடு, நீராவி எல்லாம் சேர்த்துத் திட்ட நிலையில் 16 லிட்டருக்கு மேல். விளைபொருள் பொரிபோல் உப்பிக் கிண்ணத்தை நிறைப்பது இதனால்தான். விரலால் அழுத்தினாலே நொறுங்கும். கிண்ணம் பெரிதாக இருக்க வேண்டும் என்பதும் இதனால்தான். நடைமுறையில் பழுப்பு நிற நைட்ரஜன் ஆக்சைடுகளும் அம்மோனியாவும் வரும் என்பதால் புகைபோக்கிப் பெட்டியின் பக்கத்தில் உலை இல்லாவிட்டால் இதைத் தொடக்கூடாது.

இந்த முறையை எனக்கு மிகவும் பிடிக்கும். அதனாலேயே அதைப் பற்றிச் சொல்லப்படும் மூன்று விஷயங்களைக் கறாராகப் பார்க்க வேண்டியிருக்கிறது.

முதலாவது, 'குறைந்த வெப்பநிலை'. உலை 500 அல்லது 600 டிகிரியில் இருப்பது உண்மை. ஆனால் தீயின் சூடு ஆயிரம் டிகிரிக்கு மேல் போகும். படிகம் உருவாவது அந்தச் சூட்டில்தான். குறைந்திருப்பது வெளியிலிருந்து தர வேண்டிய சூடு. மிச்சத்தை யூரியா தருகிறது.

இரண்டாவது, 'தானாகவே ஒடுங்கிவிடும்'. எரியும்போது எழும் வாயுக்கள் ஒடுக்கும் தன்மை கொண்டவை, அதனால் யூரோப்பியத்தில் ஒரு பகுதி ஒடுங்கிவிடுவதும் பச்சை ஒளி தெரிவதும் உண்மைதான். ஆனால் அது ஒரு நிமிடத் தீ. அணைந்ததும் காற்று உள்ளே வரும், தூளோ இன்னும் சூடாக இருக்கும். ஒடுங்காத பகுதி எவ்வளவு மிஞ்சுகிறது என்பது கிண்ணத்தின் வடிவத்தைப் பொறுத்தும் மாறும். யூரியாவைக் கூட்டினால் ஒடுக்கம் கூடும் என்று சிலர் கூட்டுகிறார்கள். அளவு மீறினால் எரியாத கரி தங்கித் தூள் சாம்பல் நிறமாகிவிடும். சாம்பல் நிறம் தன் ஒளியைத் தானே விழுங்கும்.

மூன்றாவது, 'நுண்ணிய துகள்'. இதைக் குறையே இல்லாத நல்ல குணமாக எழுதுகிறார்கள். இந்தப் பொருளுக்கு அது பொருந்தாது. துகள் சின்னதாக ஆக, உள்ளிருக்கும் அயனிகளை விட மேற்பரப்பில் இருப்பவற்றின் பங்கு கூடும். மேற்பரப்புக் குறைகள் ஆற்றலை ஒளியாக்காமல் வெப்பமாக்கிவிடும். சந்தையில் கிடைக்கும் நல்ல பின்னொளிர் தூள்கள் பத்துக் கணக்கான மைக்ரோமீட்டர் அளவில் இருப்பது தற்செயல் இல்லை. எரிதல் முறைத் தூளை மறுபடி 1200 டிகிரிக்கு மேல் ஒடுக்கும் வாயுவில் சுட்டால்தான் பின்னொளிர்வு நீள்கிறது. அப்படிச் சுட்ட பிறகும் கட்டுரையின் தலைப்பில் 'ஆற்றல் மிச்சம்' என்று எழுதுவது சரியில்லை.

பாகு முறையும் மற்ற இரண்டும்

பெச்சினி 1967 இல் அமெரிக்காவில் காப்புரிமை பெற்ற முறையைச் சமையல் தெரிந்தவர்கள் உடனே புரிந்துகொள்வார்கள். நைட்ரேட்டுக் கரைசலில் சிட்ரிக் அமிலம் போட்டால் அது உலோக அயனிகளைப் பிடித்துக்கொள்ளும். எத்திலீன் கிளைக்கால் சேர்த்துக் காய்ச்சினால் இரண்டும் சேர்ந்து பாலிஎஸ்டராகி, கம்பிப் பதம் தாண்டிய பாகுபோல் இறுகும். அயனிகள் அந்த வலைக்குள் நகர முடியாமல் நின்றுவிடும். பிறகு கரியாக்கி, 900 முதல் 1100 டிகிரியில் சுட்டால் படிகம். கலப்பின் சீர்மை என்று பார்த்தால் ஐந்து முறைகளில் இதற்குத்தான் முதல் இடம் தருவேன். யூரோப்பியத்தின் அளவை 0.5, 1, 2 சதவீதம் என்று மாற்றி மாற்றி ஆராய இதைவிட நம்பகமான வழி இல்லை. ஆனால் அங்கக வலை எரியும்போது ஸ்ட்ரான்சியம் மீண்டும் கார்பனேட்டாகிவிடும். அதைச் சிதைக்க 900 டிகிரிக்குக் கீழே போக முடியாது. ஒடுக்கும் படியும் தனியாகத் தேவை. உலோக ஆல்காக்சைடுகளைக் கரைசலிலிருந்து ஜெல்லாக்கிச் சுடும் சோல்-ஜெல் முறை இன்னும் தூய்மையானது, விலையோ பல மடங்கு. ஈரம் பட்டாலே கெட்டுவிடும்.

எல்லா உலோகங்களையும் கரைசலிலிருந்து ஒன்றாக வீழ்படிவாக்கிச் சுடும் இணைவீழ்படிவு முறை இந்தப் பொருளுக்கு ஒத்துவராது என்பதே என் கருத்து. அலுமினியம் ஹைட்ராக்சைடு 4, 5 பிஹெச் வாக்கிலேயே வீழ்படிவாகத் தொடங்கும், காரம் அதிகமானால் மீண்டும் கரையும். ஸ்ட்ரான்சியமோ ஹைட்ராக்சைடாக எளிதில் வீழ்வதில்லை. கார்பனேட்டாக இழுத்துக் கொண்டுவர வேண்டும். கழுவும்போது கொஞ்சம் ஸ்ட்ரான்சியம் நீரோடு போனாலும் விகிதம் கெட்டு, மேலே சொன்ன வேண்டாத சேர்மங்கள் வந்துவிடும். கூடவே அருமண்ணும் வீணாகலாம். மணவாளக்குறிச்சி மணலில் மோனசைட் இருக்கிறது என்பதால் அருமண் நம்மிடம் தாராளம் என்று நினைக்க வேண்டாம். அதில் சீரியமும் லாந்தனமும் நியோடிமியமும்தான் மிகுதி, யூரோப்பியமும் டிஸ்ப்ரோசியமும் மிகச் சொற்பம். டிஸ்ப்ரோசியத்தின் ஏற்றுமதிக்குச் சீனா 2025 ஏப்ரலில் உரிமக் கட்டுப்பாடு விதித்ததும் நினைவில் இருக்க வேண்டும். வடிதாளில் போகும் ஒவ்வொரு மில்லிகிராமும் கணக்குதான்.

இதே முறை யூரோப்பியம் சேர்த்த யிட்ரியம் ஆக்சைடுக்கு மிக அருமையாகப் பொருந்தும். குழல் விளக்குகளில் சிவப்பு தந்த அந்தப் பொருளில் யிட்ரியமும் யூரோப்பியமும் வேதியியலில் உடன்பிறப்புகள்; ஆக்சலேட்டாக இரண்டும் சேர்ந்தே வீழும். அங்கே யூரோப்பியம் மூன்று மின்னேற்றத்திலேயே இருக்க வேண்டும் என்பதால் ஒடுக்கும் வாயுவும் வேண்டாம், காற்றில் சுட்டால் போதும். ஒரு பொருளில் ஜெயித்த முறையை இன்னொன்றுக்கு அப்படியே தூக்கிக்கொண்டு போகக் கூடாது என்பதற்கு இந்த ஜோடி நல்ல சான்று.

ஹைட்ரோதெர்மல் முறையில், டெஃப்லான் உள்ளுறை வைத்த எஃகுக் கலனில் 200 டிகிரி வாக்கில் நீரின் அழுத்தத்தில் படிகம் வளர்க்கிறார்கள். இட்டர்பியமும் எர்பியமும் சேர்த்த சோடியம் யிட்ரியம் ஃபுளோரைடுக்கு இது அற்புதமான முறை. நம் அலுமினேட்டோ நீர் பட்டால் சிதையும். ஆகவே கலனிலிருந்து வருவது அலுமினேட்டாக மாறப்போகும் முன்பொருள் மட்டுமே. அதை எடுத்து மறுபடி உலையில் சுட வேண்டும். துகளின் வடிவம் அழகாக வரும் என்பதைத் தவிர வேறு லாபம் எனக்குத் தெரியவில்லை.

அளக்கும்போது நடக்கும் தவறுகள்

எக்ஸ் கதிர் விளிம்பு விளைவு படத்தை எடுத்து, அறியப்பட்ட படிகங்களின் தொகுப்பான பவுடர் கோப்பின் 34-0379 எண் அட்டையோடு ஒப்பிட்டு, ஒற்றைச்சரிவு அமைப்பு வந்துவிட்டது என்று முடித்துவிடுகிறார்கள். சில சதவீதத்துக்கும் குறைவான வேற்றுச் சேர்மம் அந்தப் படத்தில் தெரியாமலே போகலாம். அந்தப் படத்தின் கோட்டு அகலத்திலிருந்து அளவைக் கணக்கிடும் ஷெரர் சமன்பாட்டில் வரும் 40 நானோமீட்டரைத் துகளின் அளவு என்று எழுதுவது இன்னொரு தவறு. அது படிகத் துணுக்கின் அளவு. எலக்ட்ரான் நுண்ணோக்கியில் பார்த்தால் அதே துகள் பல மைக்ரோமீட்டர் இருக்கலாம்.

இதைவிடப் பெரிய தவறு ஒளியை ஒப்பிடுவதில். ஒரு கட்டுரையில் தன்னிச்சை அலகில் 800, இன்னொன்றில் 1,20,000. இரண்டும் வெவ்வேறு கருவி, வெவ்வேறு பிளவு அகலம், வெவ்வேறு தூள் தடிமன். இவற்றை வைத்து எந்த முறை சிறந்தது என்று சொல்லவே முடியாது. அதோடு, விளக்கின் கீழ் பளிச்சென்று தெரியும் தூள் விளக்கை அணைத்ததும் சட்டென்று மங்கலாம். இரண்டும் தனித்தனிக் குணங்கள், தனித்தனியாகவே அளக்க வேண்டும். பின்னொளிர்வுக்கு ஜெர்மனியின் டின் (DIN) 67510 தரநிலை நல்ல ஒழுங்கைத் தருகிறது: 1000 லக்ஸ் செனான் ஒளியில் 5 நிமிடம் வைத்து, 10 ஆவது நிமிடமும் 60 ஆவது நிமிடமும் சதுர மீட்டருக்கு எத்தனை மில்லிகேண்டெலா என்று அளந்து, 0.32 மில்லிகேண்டெலாவுக்குக் குறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்க வேண்டும். தனி எண்ணாக வருவதால் சென்னையில் அளந்ததையும் ஒசாகாவில் அளந்ததையும் பக்கத்தில் வைத்துப் பார்க்கலாம்.

எதைத் தேர்ந்தெடுப்பது?

சரி, நீண்ட நேரம் ஒளிரும் தூள்தான் வேண்டுமென்றால் என் தேர்வு திண்ம நிலை வினை: அருமண்ணைக் கரைசலாகச் சேர்த்து, போரிக் அமிலத்தோடு, ஹைட்ரஜன் கலந்த வாயுவில் சுடுவது. எந்த விகிதத்தில் ஒளி கூடுகிறது என்று இருபது முப்பது கலவைகளைச் சீக்கிரம் சலிக்க வேண்டுமென்றால் எரிதல் முறை. அருமண்ணின் அளவு மாறுவதன் விளைவை மட்டும் பிரித்துப் பார்க்க வேண்டுமென்றால் பாகு முறை.

முறைகளையே ஒப்பிடுவதுதான் நோக்கம் என்றால், இறுதிச் சூட்டைப் பொதுவாக்கிவிட வேண்டும். மூன்று முறைகளில் வந்த தூள்களையும் மூன்று அலுமினா படகுகளில் சம எடையில் வைத்து, ஒரே குழாய் உலையில், ஒரே வாயுவில், 1300 டிகிரியில் ஒரே நேரம் சுட வேண்டும். ஒவ்வொன்றிலும் கொஞ்சம் தூளைச் சுடாமல் தனியே எடுத்து வைக்க வேண்டும். போரிக் அமிலம் ஒன்றில் இருந்தால் எல்லாவற்றிலும் அதே அளவு இருக்க வேண்டும். சுடுவதற்கு முன்பும் பின்பும் பின்னொளிர்வு அளந்தால், வேறுபாட்டில் எவ்வளவு முறையால் வந்தது, எவ்வளவு சூட்டால் வந்தது என்று பிரிந்து தெரியும். அளந்து முடித்த தூளை உடனே சிலிக்கா ஜெல் போட்ட டெசிகேட்டரில் (ஈரம் புகாத கலனில்) வைத்து மூட வேண்டும். மேசை மேல் திறந்து கிடந்தால் காற்றின் ஈரமே மேற்பரப்பை அரிக்கத் தொடங்கிவிடும்.